அரைப்பேர் போடாத விமர்சனம்

மலையகத்தில் எழுதும் பெண்கள் குறைவு என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. ஹட்டன் பகுதித் தோட்டங்களில் பெண்களோடு சேர்ந்து வாசிப்பு வட்டம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவள் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுதும் பெண்கள் இருக்கிறார்கள். தலையணைக்கு அடியிலும், சேலைகள் வைக்கும் டிரங்குப் பெட்டியின் அடியிலும் அவர்களுடைய கொப்பிகள் கிடக்கின்றன. அச்சுக்குப் போகும் முன் அந்தக் கொப்பியை வாங்கிப் படித்து, "இந்த இடம் எனக்குப் புரிந்தது, இந்த இடம் புரியவில்லை" என்று அன்போடும் உண்மையோடும் சொல்லும் ஆட்கள்தாம் குறைவு.

1964இலேயே கோகிலம் சுப்பையா தோட்டத்துப் பெண்ணின் வாழ்வை வைத்துத் 'தூரத்துப் பச்சை' என்ற நாவலைத் தந்தார். 2000ஆம் ஆண்டில் அந்தனி ஜீவா மலையகப் பெண்களின் சிறுகதைகளைத் திரட்டிக் 'குறிஞ்சி மலர்கள்' என்ற தொகுப்பாக்கினார். ஆகவே எழுத முடியுமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. எழுதியதை எப்படிச் செப்பனிடுவது, அதற்கு யார் துணை நிற்பது என்பதே இன்று நம் முன் இருக்கும் கேள்வி.

மௌனமும் மாலையும்

நம் சகோதரி ஒருத்தி கதை எழுதினால் அவளுக்கு வழக்கமாக இரண்டு வகையான பதில்களே கிடைக்கின்றன. ஒன்று மௌனம். கடித உறையில் முத்திரை ஒட்டிப் பத்திரிகைக்கு அனுப்புவாள். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைப் புரட்டிப் பார்ப்பாள். கதை வராது. ஏன் வரவில்லை என்று சொல்வாரும் இல்லை. மூன்று முறை இப்படி ஆனதும் கொப்பி பெட்டிக்குள் போய்விடும்.

மற்றது மாலை. எப்படியோ காசு சேர்த்துப் புத்தகம் போட்டுவிட்டால் வெளியீட்டு விழா நடக்கும். மங்கள விளக்கேற்றுவார்கள், முதற்பிரதி வழங்குவார்கள், நயவுரை, கருத்துரை, சிறப்புரை என்று பேசுவார்கள். பேசுகிறவர்களில் சிலர் அன்று காலையில்தான் புத்தகத்தைக் கையில் வாங்கியிருப்பார்கள். குறை சொல்லத் தெரிந்த ஓரிருவரும், விழா வீட்டில் எதற்கு என்று விட்டுவிடுவார்கள். சொன்னாலும் என்ன பயன்? அச்சான பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாதே.

மௌனம் எழுதுகிறவளைச் சோர வைக்கிறது. மாலை அவளை நின்ற இடத்திலேயே நிறுத்தி வைக்கிறது. இரண்டிலும் அவள் அடுத்த கதையை இதைவிட நன்றாக எழுதக் கற்றுக்கொள்வதில்லை.

பழைய வழக்கம்தான்

வெளியிடும் முன் பிறர் காதில் போட்டுப் பார்ப்பது தமிழருக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தை நிலந்தருதிருவிற் பாண்டியனின் அவையில், அதங்கோட்டாசானுக்கு எடுத்துரைத்ததாக அதன் பாயிரம் சொல்கிறது. அரங்கேற்றம் என்றால் கைதட்டு வாங்குவதல்ல, கேள்விக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பது என்பதே அன்றைய பொருள்.

நம் மலைகளிலும் இந்த வழக்கம் வேறு உருவில் இருந்தது. 1930களில் கோ. நடேசய்யர் ஹட்டனை மையமாக வைத்துத் தொழிற்சங்கம் நடத்திய காலத்தில், அவருடைய துணைவி மீனாட்சியம்மாள் தாமே எழுதிய பாடல்களைத் தொழிலாளர் முன் பாடினார். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவருடைய பாடல் நூல் வந்தது. கூட்டத்தில் பாடுகிறவருக்கு, எந்த அடி சனங்களைத் தொட்டது, எந்த அடி தொடாமல் போனது என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டங்களில் கேட்டுத் திரட்டிய நாட்டார் பாடல்களை முதலில் பாடிய பெண்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. ஆனால் தாலாட்டும் ஒப்பாரியும் ஒருத்தி பாட, பக்கத்தில் இருப்பவள் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, இன்னொருத்தி ஒரு சொல்லை மாற்றிப் பாட வளர்ந்தவைதாம்.

1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரியும் சேர்ந்து சிறுகதைப் போட்டிகளை நடத்தின. பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாக வந்தன. தெளிவத்தை ஜோசப் (1934–2022) போன்றவர்கள் அந்தப் போட்டிகளின் வழியே பரவலாக அறியப்பட்டார்கள். மலையக இலக்கியத்துக்குப் போட்டிகள் செய்த உதவி பெரிது. என்றாலும், போட்டி வென்றவருக்குத்தான் பதில் சொல்லும். தோற்றவள் எந்த இடத்தில் தோற்றாள் என்று அது சொல்வதில்லை. அந்த வேலையை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

எங்கள் வட்டத்தின் நடைமுறை

எங்கள் வட்டத்துக்குப் பெயரோ பதாகையோ இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு முன்பள்ளிக் கட்டடத்தில் கூடுவோம். துணி துவைத்து, விறகு சேர்த்து, டவுனுக்குப் போய் வந்து, சோறாக்கி முடித்த பிறகு பெண்களுக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். 4 மணிக்கெல்லாம் கலைந்துவிடுவோம். கொழுந்து பறிப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், முன்பள்ளி ஆசிரியை, கொழும்பில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் எனப் பன்னிரண்டு பேர் வரை வருவார்கள். அவர்களில் இருவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. எங்களுடைய கூர்மையான விமர்சகர்கள் அந்த இருவரும்தான்.

நாங்கள் பழகிப் பழகிக் கண்டுகொண்ட முறையைப் பிற தோட்டத்துச் சகோதரிகளுக்கும் பயன்படும் என்று நினைத்து இங்கே தருகிறேன்.

முதலாவது, எழுதியவள் வாசிப்பதில்லை. வேறொருத்தி உரக்க வாசிக்கிறாள். எழுதியவள் வாசித்தால் இல்லாத உணர்ச்சியையும் குரலால் சேர்த்துவிடுவாள். வேறொருத்தி வாசிக்கும்போது எந்த வாக்கியத்தில் அவள் தடுக்குகிறாளோ அந்த வாக்கியத்தில்தான் கல் இருக்கிறது. ஒருவரும் சொல்லாமலே எழுதியவளுக்கு அது விளங்கிவிடும்.

இரண்டாவது, கேட்டவர்களில் ஒருத்தி கதையைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். நல்லது கெட்டது சொல்லக் கூடாது. எழுதியவள் சொல்ல நினைத்ததும் கேட்டவள் வாங்கிக்கொண்டதும் எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, மனதில் நின்ற இடத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "நல்லா இருக்கு" என்பதை நாங்கள் ஏற்பதில்லை. "அந்தப் பொம்பளை வெறுங்கூடையத் தலையில மாட்டிக்கிட்டு நின்னாளே, அந்த இடம்" என்று சொன்னால்தான் எழுதியவளுக்குப் பயன்.

நான்காவது, குறையைக் கேள்வியாகக் கேட்க வேண்டும். "இது பிழை" என்பதற்குப் பதிலாக, "அந்த நேரம் புருசன் எங்க இருந்தான்?" என்று கேட்கலாம். கேள்விக்கு எழுதியவள் பதில் தேடுவாள். தீர்ப்புக்குத் தலை குனிவாள்.

ஐந்தாவது, இப்படி மாற்றலாம் என்ற யோசனையை, எழுதியவள் கேட்டுக்கொண்டால் மட்டும் சொல்ல வேண்டும்.

கடைசியாகத்தான் எழுத்துப் பிழை. லகர ளகர ழகரமும், ரகர றகரமும் நம்மில் பலருக்குச் சிக்கலானவை. அதைச் சபையில் சொல்லிக் கூச வைக்காமல் பென்சிலால் அடையாளமிட்டுத் தனியாகக் கொடுத்துவிடுவோம்.

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990ஆம் ஆண்டளவில் கலைஞர்களுக்காக ஏறக்குறைய இதே படிகளைக் கொண்ட ஒரு முறையை வகுத்தார் என்பதைப் பின்னர் அறிந்தேன். முதலில் மனதைத் தொட்டதைச் சொல்வது, பிறகு கலைஞர் கேட்பது, பிறகு பக்கச்சார்பற்ற கேள்விகள், இறுதியில் அனுமதி பெற்றே அபிப்பிராயம் என்பது அந்த முறை. நடன மேடையும் முன்பள்ளிக் கட்டடமும் வேறு வேறானாலும், தான் செய்ததைப் பிறர் முன் வைக்கிறவருடைய நெஞ்சு துடிப்பது ஒரே மாதிரித்தான் போலும்.

பனி யாருக்கு அழகு?

ஒரு கதை எங்களிடம் வந்து போன விதத்தைச் சொன்னால் மேலே சொன்னவை இன்னும் விளங்கும். எழுதியவள் அனுமதித்த அளவுக்குச் சொல்கிறேன்.

இருபது வயதைத் தாண்டிய ஒரு பெண் அந்தக் கதையைக் கொண்டு வந்தாள. தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போகிறாள், பன்னிரண்டு வயது மகள் தம்பியைப் பார்த்துக்கொண்டு லயத்தில் இருக்கிறாள், படிப்பு நின்றுபோகிறது, தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகக் கூடாது என்ற புத்திமதியோடு கதை முடிகிறது. முதல் ஒன்றரைப் பக்கமும் மலைகள் பனிப் போர்வை போர்த்திய அழகைச் சொல்லின.

வாசித்து முடித்ததும் ஓய்வு பெற்ற தொழிலாளியான அம்மா ஒருவர் கேட்டார்: "ஏன் புள்ள, பனிய அழகுன்னு எழுதியிருக்கியே, அது யாருக்கு அழகு? காலையில பனியில வெரலு வெறைச்சுப் போயி மடங்காது, கொழுந்து ஒடிக்க வராது. அந்தப் புள்ளைக்கு விடியக் காலம் தண்ணி தொட்டா எப்பிடி இருந்திருக்கும்?"

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் அது சிரிப்போடு போகும் கேள்வியல்ல. நம் வாழ்வை நாமே பஸ்ஸில் வந்து படம் பிடித்துப் போகும் சுற்றுலாப் பயணியின் கண்ணால் பார்க்கப் பழகியிருக்கிறோம் என்பதை அது காட்டியது.

அடுத்த கேள்வியை எழுத வாசிக்கத் தெரியாத இன்னொரு அம்மா கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்: "ஆத்தாக்காரி போயிட்டா, அப்பன் குடிச்சிட்டு வருவான்னு எழுதியிருக்க. சரி. ராவையில அந்தப் புள்ள யாரு கூடப் படுத்துச்சு?"

ஒருவரும் பேசவில்லை. எழுதிய பெண் கொப்பியை மூடி வைத்துக்கொண்டாள். எங்கள் வழக்கப்படி அவளைப் பதில் சொல்லச் சொல்லவில்லை. தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு அன்று அதோடு கலைந்தோம்.

இரண்டு மாதம் அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரிக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். கதையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், சும்மா பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்து இருவர் போய் வந்தார்கள். மூன்றாம் மாதம் அவளாகவே வந்தாள். கதை புதிதாக எழுதப்பட்டிருந்தது. பனி இரண்டு வரியாகச் சுருங்கியிருந்தது. புத்திமதி போய்விட்டது. கதை முழுவதும் ஒரே இரவில் நடந்தது. காம்பராவின் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. மகள் தண்ணீர்க் குடத்தை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறாள். தம்பியைச் சுவர்ப் பக்கம் படுக்க வைக்கிறாள். குடம் நகரும் சத்தம் கேட்கிறதா என்று விடியும்வரை காது கொடுத்துக்கொண்டு கிடக்கிறாள். அவ்வளவுதான்.

முதல் பிரதி வெளிநாடு போன தாயைக் குற்றவாளியாக்கியது. இரண்டாம் பிரதி ஒரு சிறுமி எதைக் காவல் காத்தாள் என்று காட்டியது. அந்த மாற்றத்தை நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டோம். எழுதும் தைரியம் அவளுடையது.

லயத்தின் சுவர் மெல்லியது

அதோடு வேலை முடியவில்லை. லயத்தில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டில் கேட்கும். கதையில் வரும் வீடு எது என்று தோட்டத்தில் உள்ளவர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே எங்கள் வட்டத்தில் "இது நன்றாக வந்திருக்கிறதா?" என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: "இது வெளியே போனால் யாருக்கு என்ன நடக்கும்?"

அந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அன்று இதைத்தான் அதிக நேரம் பேசினோம். குடும்பத்தில் யாருக்கும் ஆபத்து உண்டா, தம்பி பாடசாலையில் கேலிக்கு ஆளாவானா என்று கேட்டோம். லயத்தின் அமைப்பு, தம்பியின் வயது, தகப்பனின் வேலை ஆகியவற்றை அவள் மாற்றினாள். புனைபெயர் வைத்துக்கொண்டாள். அனுப்புவதா வேண்டாமா என்பதை மட்டும் நாங்கள் பேசவில்லை. அது அவளுடைய முடிவு. சில மாதம் கழித்து அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். எந்தப் பத்திரிகைக்கு என்று நாங்களும் கேட்கவில்லை.

வட்டத்தில் கேட்டது வட்டத்தோடு போக வேண்டும் என்பதை நாங்கள் ஒவ்வொரு மாதமும் தொடக்கத்தில் சொல்லிக்கொள்கிறோம். கதையில் வருவது எழுதியவளின் சொந்தக் கதையா என்று கேட்பதும் இல்லை. அவளாகச் சொன்னால் கேட்போம். அப்போது கொப்பியை மூடி வைத்துவிட்டு அவளுக்கு வேண்டிய உதவியைப் பார்ப்போம். கண்ணீரோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போது வாக்கிய அமைப்பைப் பற்றிப் பேசுவது விமர்சனமல்ல.

நம் சொல்லை யார் திருத்துவது?

வெளியில் இருந்து வரும் திருத்தங்கள் எல்லாம் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு செயலமர்வில் எங்கள் சகோதரி ஒருத்தியின் கதையில் இருந்த 'பிரட்டுக்களம்' என்ற சொல்லை அடித்துவிட்டுத் 'தொழிலாளர் ஒன்றுகூடும் இடம்' என்று ஒருவர் திருத்திக் கொடுத்தார். பொருள் சரிதான். ஆனால் விடிந்தும் விடியாத நேரத்தில் பேர் கொடுக்க நிற்கும் வரிசையும், கங்காணியின் குரலும், நனைந்த படங்கின் வாடையும் அந்தத் திருத்தத்தோடு போய்விட்டன.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்துப் பட்டறை உலகப் புகழ் பெற்றது. பிறர் தம் பிரதியைப் பற்றிப் பேசும்போது எழுதியவர் வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்பது அதன் வழியாகப் பரவிய வழக்கம். பேசுகிறவர்களுக்கு எழுதியவரின் உலகமே தெரியாதபோது அந்த மௌனம் அவரை நசுக்கிவிடும் என்று, கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த எழுத்தாளர் மெத்யூ சலெசஸ் 2021இல் வெளியான தமது நூலில் வாதிட்டிருக்கிறார். நமக்கும் இது பொருந்தும். நம் பிரதியை முதலில் வாசிக்க வேண்டியவர்கள் நம் மலையை அறிந்தவர்கள். அவர்களுக்கு விளங்கிய பிறகு வெளியாரிடம் கொடுக்கலாம். அப்போது எந்தச் சொல்லை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எழுதியவளுக்கே தெரிந்திருக்கும்.

வாங்கிக்கொள்வதும் ஒரு வேலை

கருத்துச் சொல்வதைப் போலவே, கேட்டுக்கொள்வதற்கும் பயிற்சி வேண்டும். சொல்லும்போது குறுக்கே பேசி நியாயம் சொல்ல வேண்டாம். எல்லாவற்றையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வாரம் கொப்பியைத் தொடாதீர்கள். ஒருத்தி மட்டும் சொன்னது அவளுடைய ரசனையாக இருக்கலாம். மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. அவர்கள் சொல்லும் மருந்து பொருந்தாமல் போகலாம். காட்டிய நோவு பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

சொன்னதை எல்லாம் ஏற்க வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளைக் காம்பராவைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில் ஒரு பக்கத்தை நீக்கிவிடச் சொன்னார்கள். அந்தப் பக்கம் ஏன் அங்கே வேண்டும் என்று யோசித்தேன், யோசித்த பிறகும் வேண்டும் என்றே தோன்றியது, வைத்துக்கொண்டேன். கேட்டவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒங்க கொப்பி, டீச்சர்" என்றார்கள். அப்படிச் சொல்லும் இடத்தில்தான் மனம் திறந்து கருத்துக் கேட்க முடிகிறது.

தராசு வேறு, காது வேறு

தோட்டத்துப் பெண்ணுக்குப் பிறர் தன்னை மதிப்பிடுவது புதிதல்ல. காலையில் பிரட்டில் மதிப்பீடு, மலையில் மதிப்பீடு, கொழுந்து மடுவத்தில் தராசில் மதிப்பீடு. தண்ணீர் என்றும் முற்றல் இலை என்றும் சொல்லிக் கிலோவில் கழிப்பார்கள். குறித்த நிறை வராவிட்டால் அரைப்பேர். மழையில் நின்றதும், மேட்டில் ஏறியதும், காலில் அட்டை கடித்ததும் அந்த அரைப்பேரில் சேர்வதில்லை. இத்தனையும் பழகிய ஒருத்தி தன் கொப்பியை நீட்டும்போது, இங்கேயும் கழிக்கப் போகிறார்கள் என்ற பயத்தோடுதான் நீட்டுகிறாள்.

நாம் அவளுக்குத் தராசு பிடிக்க வேண்டாம். பொய்யாக நிறையைக் கூட்டிப் போடவும் வேண்டாம். அவள் சொன்னதில் எவ்வளவு நம் காதுக்கு வந்து சேர்ந்தது என்று உண்மையாகச் சொன்னால் போதும். மீதியை எப்படிக் கொண்டு வந்து சேர்ப்பது என்று அவள் பார்த்துக்கொள்வாள்.

சகோதரிகளே, இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மூன்று பேர், ஒரு கொப்பி, இரண்டு மணி நேரம், ஒரு கேத்தல் தேநீர். வாசிக்கத் தெரிந்த ஒருத்தி இருந்தால் போதும். வாசிக்கத் தெரியாதவர்களையும் கட்டாயம் அழைத்து உட்கார வையுங்கள். உங்கள் லயத்தில் யாரோ ஒரு பிள்ளை எழுதிக்கொண்டிருக்கிறாள். பெட்டியில் இருக்கும் கொப்பியை எடுத்து வரும்படி இந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கேட்டுப் பாருங்கள்.